உறுப்பினரின் காணியில் கடைத்தொகுதி எழும்போது

கிளிநொச்சி, மாங்குளம் போன்ற ஊர்கள் ஏ-9 வீதியோரமாக விரிகையில், வயலை நிரப்பிக் கடைத்தொகுதி கட்டக் கோரும் விண்ணப்பத்தில் பிரதேச சபை உறுப்பினர் ஒருவருக்கோ அவருடைய உறவினருக்கோ பங்கு இருப்பதாகக் கதை அடிபட்டால், முதலில் கதையை விட்டு ஆவணத்தைத் தேடுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், சபையின் தகவல் அலுவலரிடம் எழுத்தில் விண்ணப்பித்து, கட்டட அனுமதிக் கோப்பின் பிரதியையும் அதைத் தீர்மானித்த கூட்டத்தின் அறிக்கையையும் கேளுங்கள். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று நீங்கள் விளக்க வேண்டியதில்லை. அவர் 14 வேலை நாட்களுக்குள் முடிவைத் தெரிவிக்க வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம்.

வயற்காணி என்றால் கமநல சேவை நிலையத்திலும் விசாரியுங்கள். பலர் தவறவிடுவது இதைத்தான்: 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி, ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதியின்றி நெற்காணியை நிரப்ப முடியாது, சபையின் கட்டட அனுமதி அதற்கு ஈடாகாது.

உறுப்பினர் தமது நலனை வெளிப்படுத்தாமல் தீர்மானத்தில் கலந்துகொண்டது அறிக்கையில் தெரிந்தால், தவிசாளருக்கும் செயலாளருக்கும் பதிவுத் தபாலில் எழுதி, பிரதியை உள்ளூராட்சி உதவி ஆணையாளருக்கு அனுப்புங்கள். நலமுரண், அதாவது பதவிக் கடமையும் சொந்த நலனும் மோதும் நிலையில் செயற்படுவது, 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டத்தில் குற்றமாக்கப்பட்டிருப்பதால், இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவிடமும் முறையிடலாம். ஒரே ஊரில் முகம்பார்த்து வாழ வேண்டியவர்கள் என்பதால், கடிதத்தில் வசைச்சொல் எதுவுமின்றித் திகதி, கோப்பிலக்கம், நடந்த விடயம் ஆகியவற்றை மட்டும் எழுதுங்கள்.