முதலுதவிப் பெட்டி வாங்கும் முன் கைகளைப் பழக்குங்கள்

போன வருஷம் கத்திப்பாரா பக்கம் ஒரு பைக் சறுக்கி விழுந்ததைப் பார்த்து வண்டியை நிறுத்தினேன். விழுந்தவருக்குத் தொடையில் ஆழமான வெட்டு, பேன்ட் நனைந்து ரத்தம் ரோட்டில் பரவிக்கொண்டிருந்தது. என் காரில் முதலுதவிப் பெட்டி இருந்தது. திறந்தால் ஒரு பிடி பஞ்சு, காய்ந்துபோன டிங்சர், விரலில் ஒட்டுகிற பிளாஸ்டர் பத்து. அந்தக் காலுக்கு உதவ அதில் ஒன்றுமே இல்லை. கூட்டத்திலிருந்து வந்த ஒரு பெண் தன் துப்பட்டாவை மடித்துக் காயத்தில் வைத்து, இரண்டு கைகளையும் அதன்மேல் ஊன்றி, உடம்பின் எடையை எல்லாம் இறக்கி அழுத்தினார். "நின்னுடுச்சான்னு பாருங்க" என்று யாரோ சொன்னபோதும் கையை எடுக்கவில்லை, 108 வரும்வரை எடுக்கவே இல்லை. ஆபீஸில் ஒருநாள் பயிற்சி எடுத்தவராம்.

அதனால் பெட்டியை அப்புறம் பார்க்கலாம், முதலில் பயிற்சி. எழும்பூரில் இந்திய ரெட் கிராஸின் தமிழ்நாடு கிளை இருக்கிறது, செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் இருக்கிறது, பெரிய மருத்துவமனைகள் சிலவும் வகுப்பு நடத்துகின்றன. எங்கே சேர்ந்தாலும் பணம் கட்டும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: அழுத்திப் பழக எத்தனை பேருக்கு ஒரு பொம்மை? நாற்பது பேருக்கு ஒன்று என்றால் உங்கள் முறை வரும்போது சாப்பாட்டு நேரம் ஆகிவிடும். இதயம் நின்றுபோனவருக்குச் செய்கிற சிபிஆர் என்பது நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, பெரியவர்களுக்கு 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம் நெஞ்சை அழுத்துவது. இரண்டு நிமிடம் தொடர்ந்து செய்து பார்த்தால்தான் தோள் எப்படி வலிக்கும், அழுத்தம் எப்படித் தானாகக் குறையும் என்று புரியும். வீடியோ பார்த்து இது வராது. ரத்தக்கசிவை நிறுத்துவதையும் கையால் செய்யவைக்கிறார்களா என்று கேளுங்கள். வேலைக்குச் சான்றிதழ் தேவைப்பட்டால், எத்தனை வருஷம் செல்லும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

தமிழில் நடத்துகிற வகுப்பு கிடைத்தால் வீட்டில் இருப்பவர்களையும் கூட்டிப்போங்கள், ஏனென்றால் நம் வீடுகளில் கழற்றிப்போட வேண்டிய பழக்கங்கள் நிறைய இருக்கின்றன. வலிப்பு வந்தவர் கையில் இரும்புச் சாவி கொடுப்பதால் ஒரு பயனும் கிடையாது. சுற்றி இருக்கும் பொருள்களை நகர்த்திவிட்டு, ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், வாயில் எதுவும் திணிக்காதீர்கள். சுட்ட இடத்தில் பேஸ்ட், காபித்தூள், இங்க் எதுவும் வேண்டாம், ஓடுகிற குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம். பாம்பு கடித்தால் கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், அசையாமல் வைத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

சரி, இப்போது பொருள்கள். ரெடிமேட் பெட்டியைவிட பூங்கா நகர் நைனியப்ப நாயக்கன் தெருவில் சர்ஜிக்கல் கடைகளில் தனித்தனியாக வாங்குவதுதான் எனக்குப் பிடித்தது. பெரிய காஸ் பேட் பத்து, 10 சென்டிமீட்டர் அகல ரோலர் பேண்டேஜ் நான்கு, க்ரேப் பேண்டேஜ் இரண்டு, முக்கோணத் துணி இரண்டு, நைட்ரைல் கையுறை ஐந்து ஜோடி, துணி வெட்டுகிற மழுங்கிய முனைக் கத்தரி, டார்ச், மார்க்கர் பேனா. பஞ்சை நேராகக் காயத்தில் வைத்தால் இழை ஒட்டிக்கொள்ளும், அதனால் அது வேண்டாம்.

டூர்னிக்கெட் வாங்குவதில்தான் கவனம் வேண்டும். கை கால்களில் அழுத்தியும் நிற்காத ரத்தத்தை நிறுத்த, குச்சியால் முறுக்கி இறுக்குகிற பட்டை அது. ஆன்லைனில் மலிவாக வருகிற போலிகளில் முறுக்குகிற பிளாஸ்டிக் குச்சி வளையும், சில உடைந்தே போகும். நல்லதாக இரண்டு வாங்கி, ஒன்றைப் பழகுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், இன்னொன்றைப் பிரிக்காமல் பையில் போடுங்கள். காயத்துக்கு மேலே 5 முதல் 7 சென்டிமீட்டர் தள்ளி, முட்டியிலோ முழங்கையிலோ படாமல் கட்டி, ரத்தம் நிற்கும்வரை முறுக்க வேண்டும். வலிக்கும், அவர் கத்துவார், தளர்த்தக் கூடாது. கட்டிய நேரத்தை மார்க்கரால் எழுதுங்கள், கழற்றுவது டாக்டரின் வேலை.

நம்மில் பலரைத் தள்ளி நிற்கவைப்பது போலீஸ் பயம். 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவு வந்துவிட்டது, உதவி செய்தவரைப் பேர், விலாசம் சொல்லச் சொல்லி வற்புறுத்த முடியாது. தமிழ்நாட்டில் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் விபத்துக்குள்ளானவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை, திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் வரம்புக்குள் இலவசம்.

பையை காரில் வைத்தால் டேஷ்போர்டில் வேண்டாம், சீட்டுக்கு அடியில் வையுங்கள். மே மாத வெயிலில் பிளாஸ்டரின் பசை உருகும், கையுறை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், அதனால் ஒவ்வொரு ஜூன் மாதமும் பையைக் கவிழ்த்துக் கொட்டிப் பார்த்து, கெட்டுப்போனதை மாற்றிவிட்டு, அன்றைக்கே பழகுகிற டூர்னிக்கெட்டை வீட்டில் ஒருவர் காலில் கட்டிப் பாருங்கள்.