இனிப்பே தொடாதவருக்கு ஏன் சுகர் ஏறுகிறது? செட்டிநாட்டு வீடுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"நான் இனிப்பையே தொடுறதில்லையே, எனக்கு எப்படி ஏறும்?"

காரைக்குடியில் எந்த ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் காலை ஏழரைக்குப் போய் உட்கார்ந்தாலும் இந்தக் கேள்வி காதில் விழும். எங்கள் அப்பச்சியும் (அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) பத்து வருஷம் இதையேதான் கேட்டார்கள். பொய்யில்லை. காபியில் சீனி கிடையாது. கல்யாண வீட்டில் கந்தரப்பத்தை இலையின் ஓரத்துக்கு ஒதுக்கிவிடுவார்கள். ஆனால் நாலு மணிக்கு இடைப்பலகாரம் உண்டு. அது இனிப்பில்லை என்பதால் கணக்கில் ஏறவே இல்லை.

ஒரு நாள் வெள்ளைப் பணியாரம். ஆழாக்குப் பச்சரிசியை அளந்து, அதன் தலையில் கோபுரமாக நிற்கிற அளவு உளுந்தைப் போட்டு ஊறவைத்து, வெண்ணெய் மாதிரி ஆட்டி, கரண்டி கரண்டியாக எண்ணெயில் ஊற்றி எடுப்பது. தொட்டுக்கொள்ள வரமிளகாய்த் துவையல். விரலில் குத்திப் பார்க்கும் மீட்டரை நான் அப்போதுதான் வாங்கியிருந்தேன். சாப்பிடுமுன் அப்பச்சிக்கு 131. ஐந்து பணியாரம், சீனி போடாத காபி. இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 218. "மீட்டர் சரியில்லை" என்றார்கள். என் விரலையும் குத்திக் காட்டிய பிறகுதான் பேச்சு நின்றது.

முதல் தவறு இதுதான்: நாக்கில் இனிப்பதை மட்டும் சர்க்கரை என்று நினைப்பது. அரிசி மாவுச்சத்து. வயிற்றுக்குள் போனதும் உடைந்து குளுக்கோஸாகத்தான் ரத்தத்தில் சேரும். எவ்வளவு நைஸாக அரைத்து, எவ்வளவு குழைய வேகவைக்கிறோமோ அவ்வளவு சீக்கிரம் செரித்துவிடும். இடியாப்பம், ஆப்பம், குழிப்பணியாரம், மசாலா சீயம் எல்லாம் காரம் அல்லது சப்பென்ற வேஷத்தில் வரும் மாவுதான். நமக்கு இவற்றை விடச் சொன்னால் நடக்காது, நானும் சொல்லவில்லை. ஐந்தை இரண்டாக்கி, கூட ஒரு கிண்ணம் பயறு சுண்டலும் சாப்பிட்டு, ராத்திரி இட்லியில் இரண்டைக் குறைத்தால் போதும். பணியாரத்தையும் தின்றுவிட்டு, 'அது பலகாரம்தானே' என்று ராத்திரிச் சாப்பாட்டை முழுசாகச் சாப்பிடுவதுதான் கெடுதல்.

சீனியை விட்டுவிட்டு நாட்டுச் சர்க்கரைக்கும் கருப்பட்டிக்கும் மாறியவர்கள் நிறையப் பேர். மாறட்டும், காபி நன்றாக இருக்கும். ஆனால் இரண்டிலும் பெரும்பங்கு சீனியில் இருக்கும் அதே சுக்ரோஸ்தான். கொஞ்சம் இரும்புச்சத்தும் தாது உப்பும் கூடுதலாக இருப்பது சுகர்காரருக்கு அனுமதிச் சீட்டு ஆகாது. தேனும் அப்படித்தான்.

கவுனி அரிசி விஷயம் இதைவிட வேடிக்கை. பர்மாவுக்குக் கொண்டுவிற்கப் போனவர்களோடு இங்கே வந்து சேர்ந்த கறுப்பு அரிசி, இன்று 'சுகருக்கு நல்லது' என்ற பட்டத்தோடு பாக்கெட்டில் விற்கிறது. கறுப்புத் தோலில் நார்ச்சத்து உண்டு, நிறமிச்சத்தும் உண்டு. உள்ளே இருப்பது அரிசிதான், அதுவும் பசை பிடிக்கிற ஜாதி. போதாக்குறைக்கு நாம் அதைச் சமைக்கிற விதத்தைப் பாருங்கள்: ராத்திரி முழுக்க ஊறவைத்து, குழைய வேகவைத்து, சீனி, தேங்காய்ப்பூ, நெய். கல்யாணப் பந்தியில் முதல் வரிசை இனிப்பு அது. "டாக்டரே கவுனி சாப்பிடச் சொன்னாக" என்று இரண்டாம் தரம் கேட்டு வாங்குகிறவரைப் பார்த்திருக்கிறேன். எந்த டாக்டரும் நெய்யும் சீனியும் போட்டுச் சொல்லியிருக்க மாட்டார். கேழ்வரகு, கம்பு கதையும் இதேதான். கூழாகக் கரைத்துச் சொம்பு நிறையக் குடித்தால் சிறுதானியமும் வேகமாகத்தான் ஏற்றும்.

பந்தி என்று வந்ததால் அங்கேயே கொஞ்சம் உட்காருவோம். 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு, தமிழ்நாட்டில் 20 வயதைக் கடந்தவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு இருப்பதாகச் சொன்னது. நூறு இலை போட்டால் பதினாலு இலைக்கு முன்னால் சுகர்காரர் இருப்பார் என்று வைத்துக்கொள்ளலாம். நம் வீட்டு விசேஷங்களில் வயதானவர்களே அதிகம் என்பதால் இன்னும் கூடுதலாகவே இருக்கும்.

பந்தியில் நடக்கும் பெரிய தவறு சாப்பிடுவதில் இல்லை, சாப்பிடாமல் இருப்பதில். மத்தியானம் விருந்து இருக்கிறதே என்று காலைப் பலகாரத்தை விட்டுவிடுவது. எங்கள் உறவில் ஒரு மணிவிழா. அயித்தான் ஒருவர் காலையில் காபியோடு நிறுத்திக்கொண்டு, 'இப்ப பந்தி போட்டுருவாக' என்று பன்னிரண்டரைக்கு மாத்திரையைப் போட்டுவிட்டார். பந்தி இரண்டு மணிக்குத்தான் போட்டார்கள். ஒன்றரைக்கு அவர் வளவில், அதாவது வீட்டு நடு முற்றத்தில், தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். கை நடுக்கம், நெற்றியெல்லாம் வேர்வை, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில். கூட்டத்தில் புழுக்கம் என்று விசிறியை எடுக்க ஓடினார்கள். அது புழுக்கம் இல்லை, தாழ்சர்க்கரை. கிளிமிபிரைடு போன்ற மாத்திரையும் இன்சுலினும் சாப்பாடு வருகிறதா இல்லையா என்று காத்திருக்காது, வேலையைத் தொடங்கிவிடும். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்கு இது அபூர்வம். இலை கண்ணுக்கு முன்னால் விழுந்த பிறகு மாத்திரையைப் போட்டால் இந்த வம்பே இல்லை.

70-க்குக் கீழே இறங்கினால், நினைவோடு இருப்பவருக்கு மூன்று டீஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். ஏறவில்லையென்றால் இன்னொரு தடவை. மைசூர்பாகு, சாக்லேட் இந்த நேரத்துக்கு உதவாது, அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை சேர்வதைத் தாமதமாக்கும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, நேரே 108.

இலையில் உட்கார்ந்த பிறகு செய்யக்கூடிய சின்ன வேலை ஒன்று இருக்கிறது. நமக்குச் சோறு விழுந்ததும் பருப்பும் நெய்யும் பிசைந்துதான் பழக்கம். காய் தொட்டுக்கொள்ள மட்டும். வரிசையை மாற்றிப் பாருங்கள். கூட்டு, பொரியல், வெண்டைக்காய் மண்டி, கறி சாப்பிடும் வீடு என்றால் கோழியோ மீனோ, இவற்றில் பாதியை முதலில் முடித்துவிட்டுச் சோற்றுக்கு வாருங்கள். அதே சாப்பாடுதான். நார்ச்சத்தும் புரதமும் முந்திக்கொண்டால் சர்க்கரை ஒரேயடியாக ஏறாமல் நிதானமாக ஏறும். சோறும் தானாகவே ஒரு கரண்டி குறைந்துவிடும்.

சாப்பிட்டதும் என்ன செய்கிறோம்? ஆத்தங்குடிக் கல் பாவிய தரை சில்லென்று இருக்கிறது, துண்டை விரித்துச் சாய்ந்துவிடுகிறோம். சாப்பாட்டுக்குப் பிறகு பத்துப் பதினைந்து நிமிஷம் நடந்தால் தசைகள் குளுக்கோஸை அப்போதே இழுத்துக்கொள்ளும். வெயிலில் போக வேண்டியதில்லை. முகப்பில் தொடங்கி வளவைச் சுற்றி, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என்று பின்கட்டுக் கதவைத் தொட்டுவிட்டுத் திரும்பினால் நம் வீடுகளில் அதுவே ஒரு தெரு நீளம். இவ்வளவு நீளமாகக் கட்டி வைத்துவிட்டுப் போன ஐயாக்களுக்கு இந்த உபயோகம் தெரிந்திருக்காது.

பரிசோதனையில் ஏமாற்றுவது இன்னொன்று. டாக்டரைப் பார்க்கப் போகும் முன் மூன்று நாள் சப்பாத்தி, கீரை என்று ஒழுக்கமாக இருந்துவிட்டு, வெறும் வயிற்று எண்ணை மட்டும் காட்டுவது. அந்த எண் அன்றைய கல்லாப்பெட்டி இருப்பு மாதிரி. ஐந்தொகை போட்டால்தான் லாப நஷ்டம் தெரியும். சர்க்கரைக்கு ஐந்தொகை, எச்.பி.ஏ.1.சி. என்ற ரத்தப் பரிசோதனை. சிவப்பணுக்கள் சுமார் 120 நாள் வாழ்வதால் கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியை அது காட்டிவிடும். பெரும்பாலான பெரியவர்களுக்கு இது 7-க்குக் கீழ், வெறும் வயிற்றில் 80 முதல் 130 வரை, சாப்பிட்ட பின் 180-க்குள் என்பது பொதுவான இலக்கு. வயதானவர்களுக்கும் அடிக்கடி இறங்குகிறவர்களுக்கும் டாக்டர் இதைத் தளர்த்துவார். சாப்பிட்ட பின் இரண்டு மணி நேரம் என்பது முதல் கவளம் எடுத்த நேரத்திலிருந்து, கை கழுவிய நேரத்திலிருந்து அல்ல.

நல்ல எண் வந்ததும் மாத்திரையை நிறுத்துவது, பக்கத்து வீட்டு ஆச்சிக்கு வேலை செய்த மாத்திரையை நாமும் வாங்கிப் போடுவது, சூரணம் சாப்பிடுவதை டாக்டரிடம் மறைப்பது: மூன்றும் வேண்டாம். மாத்திரை தீர்ந்துபோய் விட்டுப்போகிறது என்றால், 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துகொள்ளலாம்.

கடைசியாகக் கால். நம் பக்கத்தில் செருப்பு வாசலோடு சரி. கோவிலில் கிடையவே கிடையாது. தைப்பூசத்துக்குக் குன்றக்குடி வழியாகப் பழனிக்கு நடக்கிறவர்கள் பலர் தார் ரோட்டிலும் வெறுங்காலோடுதான். பல வருஷச் சுகர் காலில் உணர்ச்சியை மழுக்கிவிடும். கல் குத்தியதும் தெரியாது, கொப்புளம் போட்டதும் தெரியாது. சித்திரை வெயிலில் கோவில் பிராகாரக் கல்லே பாதத்தைப் பொசுக்கிவிடும். வேண்டுதலைத் தடுக்க நான் யார்? ஆனால் யாத்திரைக்கு முன் டாக்டரிடம் பாதத்தைக் காட்டி, நைலான் இழையால் தொட்டுப் பார்க்கும் சோதனையைச் செய்துகொள்ளுங்கள். உணர்ச்சி குறைந்திருந்தால் செருப்போடு நடக்க முருகனிடம் அனுமதி கேட்டுக்கொள்ளலாம். நாள் முழுக்க நடக்கும்போது சர்க்கரை இறங்கவும் செய்யும் என்பதால் மடியில் சீனிப் பொட்டலம் இருக்கட்டும். வலிக்கு இதமாக வெந்நீரில் காலை வைப்பதும் ஆபத்து, சூடு தெரியாமல் வெந்துபோனவர்கள் உண்டு.

அப்பச்சி இப்போது வீட்டுக்கூடமான பட்டாலைக்குள்ளேயே மெத்தென்ற செருப்புப் போட்டு நடக்கிறார்கள். ஆத்தா இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு, சாமி வீட்டுப் படிக்கு முன்னால் மட்டும் கழற்றச் சொல்லிவிட்டார்கள். ராத்திரி படுக்குமுன் பாதத்துக்குக் கீழே கைக்கண்ணாடியைப் பிடித்துப் பார்ப்பது வழக்கமாகியிருக்கிறது. குனிய முடியாத நாளில் பேரன் மொபைலில் படம் எடுத்து, விரலிடுக்கு வரை பெரிதாக்கிக் காட்டுகிறான்.