பக்கிக்குப் பெரிய டயர், கூடுதல் உயரம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவில், டர்பனில் எங்கள் நண்பர்கள் வட்டத்தில் யாராவது ஃபோர் வீல் டிரைவ் பக்கி வாங்கினால் (பிக்கப் வண்டிக்கு இந்த நாட்டில் எல்லோரும் சொல்கிற பெயர் அதுதான்) ஒரே மாதத்தில் வாட்ஸாப்பில் ஒரு கேள்வி வந்துவிடும்: "அண்ணே, எத்தனை இஞ்ச் தூக்கலாம்?" கேள்வியே தலைகீழ். எத்தனை இஞ்ச் என்பது கடைசியில் வர வேண்டிய விடை. எங்கே ஓட்டப் போகிறோம், அதற்கு எந்த டயர், அந்த டயர் உரசாமல் சுழல எவ்வளவு இடம் வேண்டும், வண்டியில் எப்போதும் எவ்வளவு சுமை இருக்கும், இதையெல்லாம் முடிவு செய்துவிட்டால் உயரம் தானாக வந்து நிற்கும். வரிசையை மாற்றிச் செய்து பணத்தைத் தொலைத்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். நானும் ஒரு முறை தொலைத்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

முதல் தவறு ஒரு தப்பான நம்பிக்கை. சஸ்பென்ஷனைத் தூக்கினால் வண்டியின் அடிப்பாகம் மொத்தமும் மேலே போய்விடும் என்று நினைக்கிறோம். ஹைலக்ஸ், ரேஞ்சர், டி-மேக்ஸ் எல்லாவற்றிலும் பின்னால் இருப்பது முழு ஆக்சில், அதாவது இரண்டு பின் சக்கரங்களையும் சேர்த்துப் பிடிக்கிற ஒரே இரும்புக் குழல். அதன் நடுவில் உருண்டையாகத் தொங்குகிற டிஃப் (இரண்டு சக்கரங்களுக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கிற பற்சக்கரப் பெட்டி) தான் பெரும்பாலும் முதலில் பாறையில் இடிக்கும். ஸ்பிரிங்கை மாற்றி 50 மில்லிமீட்டர் தூக்கினால் சேசிஸும் பாடியும் உயரும், ஆனால் ஆக்சில் இருந்த இடத்திலேயேதான் இருக்கும், ஏனென்றால் அது சக்கரத்தோடு சேர்ந்தது. டிஃபை மேலே ஏற்றுவது டயர் மட்டுமே, அதுவும் கூடுகிற விட்டத்தில் பாதி அளவுதான். கணக்குப் போட்டுப் பாருங்கள். டயர் எண்ணில் முதலாவது மி.மீ. அகலம், அடுத்தது பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது, கடைசி எண் ரிம்மின் விட்டம் இஞ்சில். 265/65 ஆர்17 டயரின் விட்டம் சுமார் 776 மி.மீ., 265/70 ஆர்17 சுமார் 803, 285/70 ஆர்17 சுமார் 831. முதலாவதிலிருந்து மூன்றாவதுக்குப் போனால் விட்டம் 55 மி.மீ. கூடுகிறது, டிஃபுக்கு அடியில் கிடைப்பது 27 மி.மீ. சொச்சம். அவ்வளவுதான். லிஃப்ட் வீண் என்று சொல்ல வரவில்லை. ஏற்றத்தில் முன் பம்பர் இடிக்காமல் இருக்கவும், மேட்டின் உச்சியில் வண்டி வயிறு தட்டி உட்காராமல் இருக்கவும், பெரிய டயருக்கு மட்கார்டுக்குள் இடம் கிடைக்கவும் அது உதவும். எதற்காகச் செய்கிறோம் என்று தெரிந்து செய்தால் சரி.

அடுத்தது என் சொந்த அனுபவம். சில வருடங்களுக்கு முன் 285 டயர் போட்டேன். டயர் மாட்டியவர் கடை வாசலிலேயே ஸ்டீயரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பிக் காட்டி, "எங்கேயும் உரசலை, பாருங்க" என்றார். நானும் நம்பினேன். மறுவாரம் சானி கணவாயில் இருந்து இறங்குகிறோம். லெசோத்தோ எல்லைக்கு ஏறுகிற அந்தப் பாதையின் உச்சி 2,870 மீட்டருக்கு மேல், இறங்கும்போது கொண்டை ஊசி வளைவு ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஒரு வளைவில் ஸ்டீயரிங் முழுதாகத் திரும்பியிருந்தபோது இடது முன் சக்கரம் ஒரு கல்லின் மேல் ஏற, சஸ்பென்ஷன் முழுதாக அமுங்கி, டயர் உள் பிளாஸ்டிக் தகட்டைக் கவ்விக் கிழித்துவிட்டது. கிழிந்த துண்டு டயரோடு சுற்றி டப் டப் என்று அடிக்க, பின் சீட்டில் இருந்த பிள்ளைகள் பயந்துபோனார்கள். சமதரையில் நிற்கிற வண்டியில் ஸ்டீயரிங்கைத் திருப்பிப் பார்ப்பது சோதனையே இல்லை என்பது அன்றைக்குத்தான் புரிந்தது.

சரியான சோதனைக்கு அரை மணி நேரம் போதும். முன் சக்கரம் ஒன்றையும் அதற்கு எதிர்மூலையில் உள்ள பின் சக்கரத்தையும் உறுதியான உயர மேடையில் ஏற்றுங்கள். அந்த முன் சக்கரம் மட்கார்டுக்குள் எவ்வளவு போக முடியுமோ அவ்வளவு போய், பம்ப் ஸ்டாப் ரப்பர் (சஸ்பென்ஷன் அதற்கு மேல் போகாமல் தடுக்கிற கட்டை) அமுங்க வேண்டும். டயரின் தோள் பகுதியில் சாக்பீஸைத் தேய்த்துவிட்டு, இன்ஜினை ஓடவிட்டு, ஸ்டீயரிங்கை மெதுவாக இரண்டு கோடிக்கும் திருப்பச் சொல்லுங்கள். அப்புறம் டார்ச் அடித்துப் பார்த்தால் பம்பரின் கீழ் ஓரம், சக்கர வளைவின் பின்பக்கத்தில் பாடி சேசிஸில் உட்காரும் இடம், மேல் கன்ட்ரோல் ஆர்ம் (சக்கரத்தைச் சேசிஸோடு பிடிக்கிற கை), இதில் எங்கே உரசினாலும் வெள்ளைத் தடம் இருக்கும். அதே சமயம் தொங்குகிற மறுபக்கச் சக்கரத்தையும் பாருங்கள். பிரேக் ஹோஸ் கம்பி போல விறைத்து நிற்கிறதா, ஏபிஎஸ் வயர் இழுபடுகிறதா என்று கையால் தொட்டுப் பாருங்கள். ஹோஸ் லேசாக வளைந்து தளர்வாக இருக்க வேண்டும். விறைத்திருந்தால் நீளமான ஹோஸ் போடும் வரை அந்த வண்டியை ஓட்டவே கூடாது, இதில் சமரசம் கிடையாது.

சரி, இப்போது ஸ்பிரிங். "இருக்கிறதிலேயே கெட்டியானதைப் போடு" என்பது நம் ஆட்களிடம் ஊறிப்போன பழக்கம். ஸ்பிரிங் தயாரிப்பவர்கள் சுமைக்கு ஏற்றபடிதான் பிரித்து விற்கிறார்கள்: காலி வண்டிக்கு ஒன்று, இரும்பு பம்பரும் வின்ச்சும் (சிக்கிய வண்டியை இழுக்கிற வடச் சுருள்) உள்ள முன்பக்கத்துக்கு ஒன்று, பின்னால் எப்போதும் 300 கிலோ இருக்கும் வண்டிக்கு ஒன்று. வருடத்தில் இரண்டு முறை மட்டும் கூரைக் கூடாரமும் ஃபிரிட்ஜும் ஏற்றுகிற வண்டிக்கு 300 கிலோ ஸ்பிரிங் போட்டால், மீதி நாளெல்லாம் பின்பக்கம் துள்ளிக்கொண்டே இருக்கும். இங்கே உள்ளூர்ச் சரளைச் சாலைகளில் துணி துவைக்கும் பலகை மாதிரி வரி வரியாக மேடு பள்ளம் இருக்குமே, அதில் காலி பக்கியின் பின்பக்கம் பக்கவாட்டில் நழுவும். வண்டியை எடை மேடையில் நிறுத்தி முன் ஆக்சில், பின் ஆக்சில் தனித்தனியாக எடை பார்த்த பிறகு ஸ்பிரிங் வாங்குங்கள்.

மலிவாக வருகிற ஸ்பேசர் பற்றி ஒரு வார்த்தை. முன் ஸ்ட்ரட்டின் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) தலையில் ஒரு வட்டத் தகடு வைத்தால் தகட்டின் தடிமனைவிட அதிகமாகவே வண்டி உயரும், பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அது ஸ்ட்ரட்டையே கீழே தள்ளிவைக்கிறது, அதனால் பள்ளத்தில் சக்கரம் முன்னைவிடக் கீழே தொங்கி, பால் ஜாயின்ட்டும் (கன்ட்ரோல் ஆர்மைச் சக்கரத்தோடு இணைக்கிற உருண்டை மூட்டு) சி.வி. ஜாயின்ட்டும் (சக்கரத்துக்குச் சக்தி கொண்டுபோகிற மூட்டு) அளவுக்கு மீறிய கோணத்தில் போய் நிற்கும். பழைய வண்டிகளில் டார்ஷன் பாரை (ஸ்பிரிங்குக்குப் பதிலாக முறுகிக் கொடுக்கிற இரும்புக் கம்பி) முறுக்கி உயர்த்துவது வேறு வகைத் தொல்லை. அங்கே சக்கரம் கீழே இறங்க மிச்சம் இருக்கிற தூரம் குறைந்துபோய், ஒவ்வொரு குழியிலும் 'டங்' என்று மோதும். தனித்தனி முன் சஸ்பென்ஷன் உள்ள பக்கிக்கு 40 முதல் 50 மி.மீ. வரை நியாயமான அளவு. அதற்கு மேல் வேண்டுமென்றால் மேல் கன்ட்ரோல் ஆர்ம், முன் டிஃபைக் கீழே இறக்கும் பிராக்கெட் என்று செலவு வளர்ந்துகொண்டே போகும்.

அனுபவமுள்ள மெக்கானிக்குகள்கூட அவசரத்தில் செய்கிற ஒரு தவறு இருக்கிறது. வண்டி ஜாக்கியில், சக்கரங்கள் தொங்கிக்கொண்டிருக்கும்போதே கன்ட்ரோல் ஆர்ம் போல்ட்டையும் லீஃப் ஸ்பிரிங் போல்ட்டையும் முழு இறுக்கத்துக்கு முறுக்கிவிடுவார்கள். உள்ளே இருக்கிற ரப்பர் புஷ் அந்தத் தொங்கிய நிலையிலேயே பிடித்துக்கொள்ளும். வண்டியைத் தரையில் இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும், அதன் பிறகு ஒவ்வொரு மேடு பள்ளத்திலும் அது இன்னும் முறுகி, சில மாதங்களிலேயே கிழிந்துபோகும். முதலில் போல்ட்டைத் தளர்வாக மாட்டி, வண்டியைச் சக்கரத்தில் நிறுத்தி, முன்னும் பின்னும் உருட்டி, பம்பரை நாலு முறை அமுக்கி விட்டு, அப்புறம்தான் டார்க் ரெஞ்ச் வைத்து முறுக்க வேண்டும். வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்று இதைக் கேளுங்கள், வெட்கப்பட ஒன்றும் இல்லை. உயரத்தைத் தரையிலிருந்து அளக்காமல், சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்து, வேலைக்கு முன்னும் பின்னும் எழுதி வையுங்கள். அப்போதுதான் டயர் கொடுத்த உயரம் எது, ஸ்பிரிங் கொடுத்தது எது என்று பிரித்துத் தெரியும்.

லிஃப்ட் போட்ட அன்றே அலைன்மென்ட் பார்க்க வேண்டும். டோ (சக்கரங்கள் உள்ளோ வெளியோ திரும்பியிருக்கிற அளவு) மட்டும் சரிசெய்து அனுப்பிவிடுவார்கள், காஸ்டர் (சக்கரம் திரும்புகிற அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கிற கோணம்) எவ்வளவு என்று அச்சிட்ட தாளைக் கேட்டு வாங்குங்கள். முன்பக்கம் உயர்ந்தால் காஸ்டர் குறையும், ஸ்டீயரிங் தானாக நடுவுக்குத் திரும்பாது. என்3 சாலையில் வான் ரீனன் கணவாயில் மூடுபனிக்குள் லாரிகளுக்கு நடுவே போகும்போது ஸ்டீயரிங் அலைபாய்ந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. கேம்பர் (சக்கரத்தின் தலை உள்ளோ வெளியோ சாய்ந்திருக்கிற கோணம்) தவறினால் புது டயரின் ஒரு ஓரம் மட்டும் மொட்டையாகும். சில பழைய பக்கிகளில் பின் ஆக்சிலையும் சேசிஸையும் இணைக்கிற சின்னக் கம்பி ஒன்று சுமையைப் பார்த்துப் பின் பிரேக் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும். பின்பக்கத்தை உயர்த்தினால் வண்டி காலியாக இருக்கிறது என்று அது எடுத்துக்கொண்டு பின் பிரேக்கைக் குறைத்துவிடும், அதையும் உயர்த்திய அளவுக்குத் திருத்தி அமைக்கச் சொல்லுங்கள்.

ரிம்மை வெளியே தள்ளுவது இன்னொரு ஆசை. ஆஃப்செட் (ரிம்மின் நடுக்கோட்டுக்கும் அது வண்டியில் ஒட்டுகிற முகத்துக்கும் உள்ள தூரம், மி.மீ.-ல்) 30 உள்ள ரிம்மை எடுத்துவிட்டு அதே அகலத்தில் 0 போட்டால் சக்கரம் ஒவ்வொரு பக்கமும் 30 மி.மீ. வெளியே வரும். அகலமாக நிற்கும், உண்மைதான். கூடவே வீல் பேரிங்குக்குச் சுமை கூடும், திரும்பும்போது டயர் பெரிய வட்டமடித்து மட்கார்டில் இடிக்கும், சரளைக் கல் கதவில் தெறிக்கும். உயரத்தில் உரசாத டயர் ஆஃப்செட்டால் உரசிய கதைகள் நிறைய.

ஸ்பீடோமீட்டர் கணக்கைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 265/65-லிருந்து 285/70-க்குப் போனால் ஒரு சுற்றில் 7 சதவீதம் கூடுதல் தூரம். மீட்டர் 120 காட்டும்போது முன்னால் இருந்ததைவிட ஏறக்குறைய 8 கி.மீ. வேகம் கூடியிருக்கும். கம்பெனி மீட்டர்கள் வழக்கமாகக் கொஞ்சம் கூட்டியே காட்டும் என்பதால் உண்மை வேகம் என்ன என்று போனில் ஜி.பி.எஸ். வைத்து ஒரு முறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள், நெடுஞ்சாலை உச்சவரம்பு 120 தானே. தூரமும் குறைவாகப் பதியும்: மீட்டரில் 10,000 ஓடியிருந்தால் நிஜத்தில் 10,700. சர்வீஸையும் டீசல் கணக்கையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும். இழுவையும் அதே அளவு குறையும். டர்பனில் கடல் மட்டத்தில் இது தெரியாது, 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஜோஹன்னஸ்பர்க்கில், அதுவும் டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜின் என்றால், ஏற்கெனவே காற்று மெலிந்து சக்தி குறைந்திருக்கும் வண்டி இன்னும் சோர்ந்துபோகும். அங்கே இருப்பவர்கள் 265/70 உடன் நிறுத்திக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து.

ஸ்டெப்னி! நாலு டயர் வாங்கிவிட்டு ஐந்தாவதைப் பழைய அளவிலேயே விட்டுவிடுவது ஆபத்தான சிக்கனம். அதை மாட்டிக்கொண்டு ஃபோர் வீல் போட்டால் ஆக்சில்கள் வேறு வேறு வேகத்தில் சுழலப் பார்க்கும், டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் ஆக்சிலுக்குச் சக்தியைப் பிரிக்கிற பெட்டி) அந்த முறுக்கைத் தாங்காது. வாங்கும் முன் பெரிய ஸ்டெப்னி அடியில் உள்ள இடத்தில் உட்காருமா என்று அளந்து பாருங்கள். டயரின் லோட் எண் (எவ்வளவு எடை தாங்கும் என்பதற்கான குறியீடு) பழையதைவிடக் குறையாமல் இருக்கட்டும். காற்றும் பழைய ஸ்டிக்கர் அளவை அப்படியே வைக்காமல் புது டயருக்குக் கேட்டு வையுங்கள்.

இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு மின்னஞ்சலில் டயர் அளவையும் லிஃப்ட் அளவையும் எழுதி அனுப்பி, பதிலைப் பத்திரப்படுத்துங்கள். சொல்லாமல் விட்டால் விபத்துக்குப் பிறகு அதையே காரணம் காட்டி இழப்பீட்டை மறுக்க இடம் கொடுத்தது போல ஆகும்.

எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் இரவில் ஒரு சுவருக்கு எதிரே வண்டியை நிறுத்தி ஹெட்லைட்டைக் கீழே இறக்குங்கள். முன்பக்கம் உயர்ந்திருப்பதால் வெளிச்சம் நேராக எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும். முதல் 100 கிலோமீட்டருக்குள் வீல் நட்டுகளையும், ஆக்சிலை லீஃப் ஸ்பிரிங்கோடு பிடிக்கிற யூ-போல்ட்டுகளையும் டார்க் ரெஞ்சால் மறுபடி பாருங்கள். நான் பார்த்தபோது பின் யூ-போல்ட் ஒன்று கால் சுற்று கூடுதலாகப் போனது.