மாருதி 800ஐ மீட்டெடுத்தல்: ஸ்பேனருக்கு முன்னால் ஆர்.சி. புத்தகம்

பழைய மாருதி 800 ஒன்றை வாங்கிச் சீரமைக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் நேராக டிங்கரிங் பட்டறைக்குத்தான் போகிறார்கள். தகட்டை வெட்டி ஒட்டி, பெயின்ட் அடித்து, சீட்டுக்கு உறை தைத்து, அறுபது எழுபதாயிரம் ரூபாய் செலவான பிறகு ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போனால், ஆர்.சி.யில் பெயர் உள்ளவர் இறந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன என்பதோ, என்றோ மூடப்பட்ட ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியின் கடன் குறிப்பு இன்னும் நீக்கப்படவில்லை என்பதோ அப்போதுதான் தெரியவருகிறது. ஆகவே வேலையின் வரிசையைத் தலைகீழாக மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. வண்டி யாரிடமிருந்து யாரிடம் போனது என்பதை முதலில் அறிந்துகொண்டால், பெயர் மாற்றம் எளிதாவதோடு, எந்த இடத்தில் துரு இருக்கும், எந்த வேலை ஏற்கெனவே அரைகுறையாகச் செய்யப்பட்டிருக்கும் என்பதையும் ஓரளவு ஊகித்துவிடலாம்.

இந்தியாவின் முதல் மாருதி 800, 1983 டிசம்பர் 14ஆம் நாள் இந்திரா காந்தியின் கையால் டெல்லியைச் சேர்ந்த ஹர்பால் சிங்கிடம் சாவியாக ஒப்படைக்கப்பட்டது. டி.ஐ.ஏ. 6479 என்ற எண் கொண்ட அந்தக் கார் 2010இல் அவர் காலமாகும் வரை அவரிடமே இருந்தது. பின்னர் துருப்பிடித்துக் கிடந்த அதை நிறுவனமே சீரமைத்துத் தன் தலைமை அலுவலகத்தில் காட்சிக்கு வைத்தது. அப்படி ஒரே கையில் இருந்த வண்டிக்கு வரலாறு தேட வேண்டியதில்லை. நமக்குக் கிடைப்பவை நான்கைந்து கை மாறியவை.

முதலில் வண்டி எந்தத் தலைமுறையைச் சேர்ந்தது என்பதை உறுதிசெய்துகொள்ள வேண்டும். 1986 வரை வந்தது எஸ்.எஸ்.80 எனப்படும் சற்றுப் பெட்டி போன்ற முதல் வடிவம். இதற்கான உடல் பாகங்கள் இன்று கிடைப்பது அரிது. அதன்பின் வந்த வடிவமே, சிற்சில மாற்றங்களோடு, 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றது வரை நீடித்தது. 2000ஆம் ஆண்டையொட்டிக் கார்புரேட்டரின் இடத்துக்கு எம்.பி.எஃப்.ஐ. எனும் மின்னணு எரிபொருள் செலுத்தும் முறை வந்தது. மூன்று சிலிண்டர்களும் 796 சி.சி. கொள்ளளவும் கொண்ட எஃப்8பி என்ஜின்தான் பல்லாண்டுகள் ஆம்னி வேனிலும் இருந்தது. ஆம்னி 2019 வரை விற்பனையில் இருந்ததால் பிஸ்டன், ரிங், கேஸ்கெட் போன்றவற்றுக்கு இன்றும் பஞ்சமில்லை. ஆம்னியில் பின் சக்கரங்கள் இழுப்பதால் கியர்பாக்ஸ் மட்டும் பொருந்தாது.

தாளும் தகடும்

வண்டியைப் பார்க்கப் போகும்போது டார்ச்சும், ஒரு பழைய பல் துலக்கும் பிரஷ்ஷும், வெள்ளைத் தாளும், பென்சிலும் கொண்டு போக வேண்டும். என்ஜின் அறையில் பஞ்ச் செய்யப்பட்டிருக்கும் சேசிஸ் எண்ணின் மேல் உள்ள அழுக்கைத் துடைத்து, தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரின்ட் எடுத்துக்கொள்ளலாம். அந்த எண், ரிவெட் செய்யப்பட்ட தகட்டில் உள்ள எண், ஆர்.சி.யில் உள்ள எண் ஆகிய மூன்றும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். எண்ணைச் சுற்றிலும் வெல்டிங் தழும்போ, அங்கு மட்டும் புதிய பெயின்ட்டோ தெரிந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுவதே நல்லது. என்ஜின் எண் மாறியிருப்பது அத்தனை அஞ்சத்தக்கதன்று. ஆம்னி என்ஜினை இறக்கி 800இல் பூட்டுவது பட்டறைகளில் சாதாரணமாக நடப்பதுதான். ஆனால் அந்த மாற்றம் ஆர்.சி.யில் ஏறியிருக்கிறதா, அந்த என்ஜினுக்குப் பில் உண்டா என்று கேட்க வேண்டும்.

பழைய காகித ஆர்.சி. புத்தகம் கையில் கிடைத்தால் அதைப் பொக்கிஷமாகக் கருதலாம். ஒவ்வொரு பெயர் மாற்றமும், முகவரி மாற்றமும், கடன் ஏறியதும் நீங்கியதும் தேதியோடும் முத்திரையோடும் அதன் பக்கங்களில் வரிசையாக இருக்கும். ஸ்மார்ட் கார்டாக மாறிய வண்டிகளிலும், புத்தகம் தொலைந்து டூப்ளிகேட் வாங்கப்பட்ட வண்டிகளிலும் இந்தச் சங்கிலி அறுந்து, கடைசி உரிமையாளரின் பெயர் மட்டும் மிஞ்சுகிறது. மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்திலோ எம்-பரிவாகன் செயலியிலோ எண்ணைக் கொடுத்துப் பார்த்தால், உரிமையாளரின் பெயர் பாதி மறைக்கப்பட்டிருந்தாலும், பதிவுத் தேதியும், இவர் எத்தனையாவது உரிமையாளர் என்பதும், கடன் குறிப்பு உண்டா என்பதும் தெரியும். விற்பவர் இரண்டாவது ஓனர் என்கிறார், திரை நான்கு என்கிறது என்றால், பேச்சை அங்கிருந்து தொடங்கலாம். திருட்டு வண்டியா என்பதைத் தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் இணைய வசதியில் தேடிப் பார்த்துக்கொள்ள முடியும்.

1989 ஜூலை 1ஆம் தேதி புதிய மோட்டார் வாகனச் சட்டம் நடைமுறைக்கு வந்த பின்னரே டி.என். 01, டி.என். 37 என்ற வகை எண்கள் வந்தன. அதற்கு முந்தைய வண்டிகளுக்கு மூன்று எழுத்தும் அதையடுத்து இலக்கங்களும் கொண்ட எண் இருக்கும். இவற்றுள் பல இன்னும் கணினியில் ஏற்றப்படவில்லை. அப்படியானால் அசல் ஆர்.சி.யோடு உரிய ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போய், பழைய பதிவேட்டோடு ஒப்பிட்டு ‘பேக்லாக் என்ட்ரி’ செய்யச் சொல்ல வேண்டும். அது முடியாமல் வேறு எந்த விண்ணப்பமும் நகராது. வெளிமாநிலத்திலிருந்து வந்த வண்டிகளில் இன்னொரு சிக்கல் உண்டு. டெல்லியில் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளுக்கு நீதிமன்றத் தடை வந்த பிறகு அங்கிருந்து என்.ஓ.சி. எனும் தடையின்மைச் சான்று பெற்றுப் பல கார்கள் பிற மாநிலங்களுக்கு வந்தன. இங்கே அவற்றுக்குப் புதிய எண் வழங்கப்பட்டிருக்கும் என்பதால், பழைய எண்ணைக் கண்டுபிடித்து அதையும் தேடினால்தான் வரலாற்றின் முன்பாதி கிடைக்கும்.

‘ஃபார்ம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கி வைத்திருக்கிறேன், பெயரை நீங்களே மாற்றிக்கொள்ளுங்கள்’ என்று சொல்லும் விற்பனையாளர்கள் ஏராளம். கையெழுத்திட்டவர் யார், அவர் இன்று உயிரோடு இருக்கிறாரா என்பதை நேரிலோ தொலைபேசியிலோ உறுதிசெய்யாமல் முன்பணம் கொடுக்கக் கூடாது. இப்படிப் பல கை மாறியும் பெயர் மாறாத ஒரு காரால் நேர்ந்த விபத்து வழக்கில், இழப்பீட்டுக்குப் பொறுப்பாளி பதிவேட்டில் பெயர் உள்ளவரே என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது. பழைய உரிமையாளரிடம் இதை எடுத்துச் சொன்னால், பெயர் மாற்றத்துக்கு உதவ அவரே முன்வருவார். அவர் இறந்திருந்தால் முதலில் வாரிசுச் சான்றிதழோடு ஃபார்ம் 31 வழியாக வாரிசின் பெயருக்கு மாற்றி, அதன்பின் நம் பெயருக்கு மாற்ற வேண்டும். கடன் குறிப்பை நீக்க, ஃபைனான்ஸ் நிறுவனம் கையெழுத்திட்ட ஃபார்ம் 35 தேவை.

பெயர் மாற்றம் முடிந்ததும், உரிமையாளர் என்ற முறையில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ‘பி-ரெஜிஸ்டர் எக்ஸ்ட்ராக்ட்’ கேட்டு விண்ணப்பிக்கலாம். விபத்து வழக்குகளுக்காக வழக்கறிஞர்கள் அடிக்கடி வாங்கும் ஆவணம் இது. அலுவலகப் பதிவேட்டில் நம் வண்டி குறித்து எழுதப்பட்டிருப்பதன் நகல். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் முன்னாள் உரிமையாளர்களின் முகவரியைக் கேட்டால், அது தனிநபர் தகவல் என்று மறுக்கப்படவே வாய்ப்பு அதிகம். எனவே உரிமையாளரான பிறகு கேட்பதே சுருக்கமான வழி.

முகவரி கிடைத்தால் கதவைத் தட்டுவதற்கு முன் ஒரு கடிதம் எழுதுவது நல்லது. திடீரென்று வந்து நிற்கும் அந்நியர் பழைய விபத்தையோ அபராதத்தையோ கிளறப் போகிறார் என்று எண்ணுவது இயல்பு. ‘ஐயா, தாங்கள் ஒரு காலத்தில் வைத்திருந்த வண்டி இப்போது என்னிடம் இருக்கிறது, அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர முயல்கிறேன்’ என்று தொடங்கி, வண்டியின் புகைப்படம் ஒன்றை இணைத்து, பதில் எழுதுவது அவர் விருப்பம் என்பதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பதில் வந்தால் கேட்க வேண்டியவை சில: முதலில் என்ன நிறம், எங்காவது மோதியதா, வெள்ளத்தில் நின்றதா, பழைய புகைப்படம் உண்டா. என் 1992ஆம் ஆண்டு வண்டியின் முதல் உரிமையாளரின் மகள் அனுப்பிய ஒரு திருமணப் படத்தில், பூமாலைக்குப் பின்னால் காரின் அசல் வீல் கப்பும் பக்கவாட்டுக் கோடும் தெரிந்தன. வேறு எந்த ஆவணத்திலும் அது கிடைத்திருக்காது.

வண்டியும் தன் பங்குக்குச் சாட்சி சொல்லும். பின்கண்ணாடியின் மூலையில் டீலரின் ஸ்டிக்கர் மிச்சம், சீட்டுக்கடியில் பெட்ரோல் பங்க் சீட்டு, டேஷ்போர்டு அறையில் பழைய இன்ஷூரன்ஸ் நகல் என்று எது கிடைத்தாலும் குப்பையில் போடாமல் உறையிலிட்டுத் தேதி எழுதி வைக்கலாம். கண்ணாடிகளின் மூலையில் உள்ள குறியீடுகளில் ஒன்று மட்டும் மற்றவற்றிலிருந்து வேறுபட்டால், அந்தக் கண்ணாடி பிற்பாடு மாற்றப்பட்டது என்று பொருள். அந்தப் பக்கத்துத் தகட்டைக் கூடுதலாகச் சந்தேகிக்க வேண்டும்.

துரு

வரலாறு இங்கேதான் கைகொடுக்கிறது. தூத்துக்குடியின் டி.என். 69, நாகர்கோவிலின் டி.என். 74 போன்ற கடலோர எண்கள் என்றால் உப்புக்காற்றை மனத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். முன் கார்ப்பெட்டைத் தூக்கிக் கால் வைக்கும் தளம், கதவுக்குக் கீழே ஓடும் ரன்னிங் போர்டு, பின் சக்கர வளைவின் உட்பக்கம், பேட்டரி உட்காரும் தட்டு, முன்கண்ணாடி பீடிங்கின் கீழ்விளிம்பு ஆகியவை முதலில் அரிக்கப்படும் இடங்கள். மெல்லிய துணி சுற்றிய காந்தத்தைத் தகட்டின் மேல் நகர்த்தினால், ஒட்டாமல் நழுவும் இடத்தில் தகட்டின் மேல் பட்டி, அதாவது பள்ளம் நிரப்பும் பூச்சு, தடித்துக் கிடக்கிறது.

பட்டறைக்காரரிடம் தொடக்கத்திலேயே ஒன்றை உறுதியாகச் சொல்லிவிட வேண்டும். துருப்பிடித்த தகட்டின் மேல் பட்டி பூசி மறைப்பது கூடாது. நல்ல தகடு வரும் வரை வெட்டி எடுத்து, அதே தடிமனில் புதுத் தகடு வைத்து மிக் வெல்டிங் செய்ய வேண்டும். கேஸ் வெல்டிங்கின் சூட்டில் இவ்வளவு மெல்லிய தகடு நெளிந்துவிடும். இணைப்புகளில் சீலர், உட்பக்கத்தில் துரு தடுக்கும் ப்ரைமர், அடியில் அண்டர்கோட்டிங் ஆகியவை முடிந்த பிறகே வெளிப்பூச்சு. ஒவ்வொரு நிலையிலும் நேரில் போய்ப் படமெடுத்துக்கொள்வது அவசியம். பெயின்ட் ஏறிய பிறகு எதையும் நிரூபிக்க முடியாது. அசல் நிறத்தைக் கதவின் உள்பலகைக்குப் பின்னாலும் டேஷ்போர்டுக்கு அடியிலும் காணலாம். ஆர்.சி.யில் உள்ள நிறத்தை மாற்றுவதானால் அதற்கும் அலுவலக ஒப்புதல் வேண்டும்.

என்ஜினும் ரப்பரும்

நெடுநாள் நின்ற வண்டியை நேராக ஸ்டார்ட் செய்யக் கூடாது. மூன்று பிளக்குகளையும் கழற்றிச் சிலிண்டர்களில் சிறிது என்ஜின் ஆயில் ஊற்றி ஓரிரவு விட்டு, மறுநாள் கிராங்க் புல்லியில் ஸ்பேனர் போட்டுக் கையால் சுற்ற வேண்டும். தடையின்றிச் சுற்றினால், டேங்கில் உள்ள பழைய பெட்ரோலை வடித்து, ஆயில் மாற்றி, டைமிங் பெல்ட்டைப் புதிதாகப் போட்ட பிறகு இயக்கலாம். பெல்ட் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதைவிட எத்தனை வயதானது என்பதே முக்கியம். சிலிண்டர்களில் தீப்பொறி எழும் வரிசை 1-3-2. சிலிண்டர்களின் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் சோதனையில் அவற்றுக்கிடையே ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோவுக்கு மேல் வேறுபாடு தெரிந்தால் ஹெட்டை இறக்க வேண்டியிருக்கும்.

நம் ஊர் 800களில் நான் அடிக்கடி கண்ட குறை குளிர்விப்பில்தான். ‘இந்த வெயிலுக்கு எதற்கு’ என்று யாரோ ஒரு மெக்கானிக் என்ஜின் சூட்டைச் சீராக வைக்கும் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றியிருப்பார். கூலன்ட்டுக்குப் பதில் போர்வெல் தண்ணீரை ஊற்றி வந்திருப்பார்கள். அந்த உப்புநீர் அலுமினிய ஹெட்டின் நீர்வழிகளை அரித்து, ரேடியேட்டரை அடைத்துவிடுகிறது. ரேடியேட்டரைச் சுத்தம் செய்து, வால்வைத் திரும்பப் பொருத்தி, கூலன்ட்டே ஊற்ற வேண்டும்.

இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். அந்தக் காலத்து ரப்பர் குழாய்களும், ஃப்யூயல் பம்ப்பின் டயஃப்ரமும், கார்புரேட்டர் கேஸ்கெட்டுகளும் இதைத் தாங்கும் வகையில் செய்யப்பட்டவை அல்ல. எத்தனாலைத் தாங்கும் குழாய் வாங்கி டேங்க் முதல் கார்புரேட்டர் வரை முழுவதையும் மாற்றிவிடுவதே பாதுகாப்பு. இதில் சிக்கனம் பார்த்தால் பெட்ரோல் கசிந்து தீப்பிடிக்கக்கூடும். பிரேக்கில் மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர்களின் கப்புகள், ஹோஸ்கள் எல்லாம் புதிதாகட்டும். பாகங்களுக்குச் சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் புதியதும் புதுப்பேட்டையில் பழையதும் தேடலாம். புதுப்பேட்டைக்குக் கழற்றிய பாகத்தைக் கையோடு எடுத்துச் செல்லாவிட்டால் இரண்டு நடை நடக்க நேரும்.

பதிவு புதுப்பித்தல்

தனியார் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் ஃபார்ம் 25 வழியாக, ஆய்வுக்குப் பின், ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் காருக்கான புதுப்பிப்புக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. 2025இல் 20 ஆண்டு கடந்த கார்களுக்கு 10,000 ஆக்கப்பட்டது. பசுமை வரி தனி. வண்டி வாங்கும் பேரத்திலேயே இந்தத் தொகையையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். ஆய்வுக்குப் போகும் நாளில் விளக்குகள், ஹாரன், வைப்பர், கைபிரேக், புகைச் சான்றிதழ் ஆகியவற்றோடு சேசிஸ் எண் தெளிவாகப் படிக்கும்படி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பெயின்டர் அதன் மேலும் அடித்துவிட்டிருப்பார்.

2021இல் வந்த மத்திய அரசின் விதிகளின்படி, 50 ஆண்டு கடந்து, அசல் வடிவம் மாறாத வண்டிகளை ‘விண்டேஜ்’ வகையில் பதிவுசெய்யலாம். முதல் மாருதி 800கள் அந்த வயதை எட்ட 2033 ஆகும். அதை எண்ணியாவது, இன்று கழற்றும் அசல் கார்புரேட்டரையும் ஸ்டீயரிங்கையும் வீல் கப்புகளையும் பழைய இரும்புக் கடைக்குப் போடாமல், எந்தத் தேதியில் ஏன் கழற்றினோம் என்று சீட்டுக் கட்டி, பி-ரெஜிஸ்டர் நகலும் கடிதங்களும் உள்ள கோப்போடு ஒரே பெட்டியில் வைத்து, வண்டியை விற்க நேர்ந்தால் அந்தப் பெட்டியையும் சேர்த்தே கொடுக்க வேண்டும்.