குட்டை ஷாட்கன் மீது ஆசையா? சிங்கப்பூரில் முதல் முறை ஷாட்கன் சுடப்போகிறவர்களுக்கு

பின்கட்டை இல்லாமல் கைப்பிடி மட்டும் வைத்த குட்டையான ஷாட்கன். படத்திலும் வீடியோ கேமிலும் அதைப் பார்த்துவிட்டு, "அண்ணா, இதை இங்கே வாங்க முடியுமா? ஒரு தடவை சுட்டாவது பார்க்க முடியுமா?" என்று கேட்கும் தம்பிகள் நிறைய பேர். வாங்க முடியாது. ஷாட்கன் சுடக் கற்றுக்கொள்ளலாம், ஆனால் அந்தக் குட்டைத் துப்பாக்கியில் தொடங்கக் கூடாது. பின்கட்டையைத் தோளில் வைத்து, பறக்கும் களிமண் தட்டைச் சுடப் பழகியவருக்குத்தான் பின்கட்டை இல்லாத துப்பாக்கியும் கைக்கு அடங்கும். அதனால் இந்தச் செய்முறையும் அதே வரிசையில்தான் போகும்.

படி 1: சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

இதை அவசரமாகத் தாண்டிப் போகாதீர்கள். சிங்கப்பூரில் நம்மைப் போன்ற சாதாரண ஆட்கள் துப்பாக்கி வாங்கி வீட்டு அலமாரியில் வைத்துக்கொள்வது என்ற பேச்சே இல்லை. 1973-ஆம் ஆண்டின் ஆயுதக் குற்றச் சட்டப்படி, அனுமதியின்றித் துப்பாக்கி வைத்திருந்தாலே 5 முதல் 10 ஆண்டு சிறை, குறைந்தது 6 பிரம்படி. ஆளுக்கோ பொருளுக்கோ சேதம் விளைவிக்கும் நோக்கத்தோடு சுட்டால் மரண தண்டனை. காற்றுத் துப்பாக்கியும் இந்தச் சட்டத்தின் கீழ் ஆயுதம்தான். 2021-இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய துப்பாக்கி, வெடிபொருள், ஆயுதக் கட்டுப்பாட்டுச் சட்டமும் இருக்கிறது. நிஜத் துப்பாக்கி போலவே தோன்றும் மாதிரிகளை ஆன்லைனில் ஆர்டர் செய்வதும் வம்புதான். பார்சல் சுங்கத்தில் நின்றால், விளக்கம் கேட்டு உங்களைத்தான் கூப்பிடுவார்கள்.

சரி, அப்படியானால் அந்தக் குட்டை ஷாட்கன் எங்கிருந்து வந்தது? அமெரிக்காவிலிருந்து. அங்கே 1934-ஆம் ஆண்டின் கூட்டரசுச் சட்டம், குழல் 18 அங்குலத்துக்குக் குறைந்த ஷாட்கனைத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. 2017-இல் மோஸ்பெர்க் நிறுவனம் 590 ஷாக்வேவ் என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. அதன் குழல் 14 அங்குலத்துக்குச் சற்றே கூடுதல், மொத்த நீளம் 26 அங்குலத்தைக் கொஞ்சம் தாண்டும், எடை சுமார் 2.4 கிலோ. தொழிற்சாலையிலிருந்து பின்கட்டையே இல்லாமல் வருவதால், தோளில் வைத்துச் சுட வடிவமைக்கப்பட்டது அல்ல என்று கணக்கு. எனவே அந்தச் சட்டத்தின் பார்வையில் அது ஷாட்கனே இல்லை. அதே துப்பாக்கியில் யாராவது பின்கட்டையை மாட்டினால் உடனே பதிவு செய்ய வேண்டிய பொருளாகிவிடும். ஆக, அந்த வடிவத்துக்குப் பெரிய காரணம் அங்குள்ள சட்டத்தின் அளவுகோல். சுடுவதற்குச் சுலபம் என்பதற்காக யாரும் அதைக் குட்டையாக்கவில்லை. ஆசைப்படும் தம்பிகளுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

படி 2: இடம்

பழைய சுவா சூ காங் சாலையில் தேசியத் துப்பாக்கி சுடும் மையம் இருக்கிறது. சிங்கப்பூர் துப்பாக்கி சுடும் சங்கத்தோடு இணைந்த ஒரு மன்றத்தின் வழியாகப் போவதுதான் முறை. பாதுகாப்பு வகுப்பை முடிக்காமல் கையில் துப்பாக்கி தரமாட்டார்கள். தரவும் கூடாது. துப்பாக்கிகள் அங்கேயே ஆயுதக் கிடங்கில் இருக்கும். அறிமுக வகுப்பு எப்போது, கட்டணம் எவ்வளவு என்பதை அந்தந்த மன்றத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள், அடிக்கடி மாறும்.

நம் ஊர் சிறியது, இதெல்லாம் நமக்கு எங்கே என்று நினைக்க வேண்டாம். லீ வுங் யூ இதே சிங்கப்பூரிலிருந்து டிராப் எனப்படும், பறக்கும் தட்டைச் சுடும் ஷாட்கன் போட்டிக்காக 1996, 2004, 2008 என்று மூன்று ஒலிம்பிக்குக்குப் போனவர்.

தொப்பி, முழுதாக மூடிய காலணி, வியர்வை துடைக்க ஒரு துண்டு, நிறையத் தண்ணீர் கொண்டு போங்கள். காதுக்கும் கண்ணுக்கும் பாதுகாப்பு இல்லாமல் சுடும் வரிசைப் பக்கமே போகக் கூடாது.

படி 3: துப்பாக்கியைத் திறந்து பாருங்கள்

கையில் கிடைப்பது பெரும்பாலும் மேலொன்று கீழொன்றாக இரண்டு குழல் வைத்த, நடுவில் மடங்கும் ஷாட்கன். பழகுபவருக்கு இதைவிட நல்ல துப்பாக்கி இல்லை என்பது என் கருத்து. மடக்கித் திறந்துவிட்டால் சுடவே முடியாது, அது திறந்திருப்பது தூரத்தில் நிற்பவருக்கும் தெரியும். நடக்கும்போது, பேசும்போது, கோச் ஏதாவது விளக்கும்போது துப்பாக்கி திறந்தே இருக்க வேண்டும். உங்கள் முறை வந்து, நிலையில் நின்று, குழல் மைதானத்தைப் பார்த்த பிறகுதான் தோட்டா உள்ளே போகும்.

போடுவதற்கு முன் வெறும் குழலை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து உள்ளே பாருங்கள். வட்டமாக வானம் தெரிய வேண்டும். பிறகு தோட்டாவைப் பாருங்கள். போட்டியில் சுடுவது 12 போர் (bore, குழலின் உள்ளளவு) தோட்டா, அதில் 24 கிராம் ஈய ரவை, அதாவது பொடிக் குண்டுகள். 20 போர் என்று இதைவிட மெல்லிய தோட்டா ஒன்று உண்டு. இந்த இரண்டும் ஒரே பையில் இருக்கவே கூடாது. 20 போர் தோட்டாவைத் தெரியாமல் 12 போர் குழலில் போட்டால் அது வழுக்கி உள்ளே போய்க் குழலில் சிக்கி நிற்கும். வெளியிலிருந்து பார்த்தால் தோட்டா அறை காலியாகத் தெரியும். காலிதானே என்று அதன் பின்னால் 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும், முன்னால் பிடிக்கும் கை அங்கேதான் இருக்கும். இதற்காகத்தான் 20 போர் தோட்டாக்களை மஞ்சள் நிறத்தில் செய்கிறார்கள். மஞ்சளைக் கண்டால் நின்று கேளுங்கள்.

இன்னொன்று. விசையை இழுத்தும் வெடிக்காமல் 'டிக்' என்று மட்டும் கேட்டால், குழலை மைதானத்துப் பக்கமே வைத்துக்கொண்டு அரை நிமிடம் காத்திருங்கள், கையைத் தூக்கி அதிகாரியைக் கூப்பிடுங்கள். வழக்கமான சத்தத்துக்குப் பதில் 'புஸ்' என்று பலவீனமாகக் கேட்டாலும் அடுத்த தோட்டாவைச் சுடாதீர்கள். முந்தையதன் அடைப்பு குழலுக்குள்ளேயே தங்கியிருக்கலாம்.

படி 4: உங்கள் கண் எது?

இரு கைகளையும் நீட்டி, விரல்களுக்கு நடுவில் சின்ன முக்கோணம் செய்து, அதன் வழியாகத் தூரத்தில் ஒரு பொருளை இரு கண்ணாலும் பாருங்கள். இப்போது ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது பொருள் முக்கோணத்துக்குள்ளேயே நிற்கிறதோ, அதுதான் ஆளும் கண். வலக்கைக்காரருக்கு இடக்கண் ஆளும் கண்ணாக இருப்பதும் உண்டு. அதை முதலிலேயே கோச்சிடம் சொல்லிவிடுங்கள், எந்தத் தோளில் வைப்பது என்பதை அவர் பார்த்துச் சொல்வார்.

படி 5: தோளில் ஏற்றுவது

எல்லாமே இங்கேதான் இருக்கிறது.

ரைஃபிளில் குறிபார்க்க முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு குறி உண்டு. ஷாட்கனில் குழல் நுனியில் ஒரு சின்ன மணி மட்டும். பின்பக்கக் குறி எங்கே? உங்கள் கண்தான் அது. கண் ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் இருந்தால்தான் துப்பாக்கி பார்த்த இடத்தில் சுடும். அந்த இடத்தில் கண்ணை நிறுத்துவது கன்னம், கன்னத்தை நிறுத்துவது பின்கட்டை. கன்னம் கட்டையைவிட்டு அரை அங்குலம் எழும்பினாலும் ரவை தட்டுக்கு மேலே போய்விடும். கைப்பிடி மட்டும் உள்ள அந்தக் குட்டை (பிஸ்டல் கிரிப்) துப்பாக்கியில் இல்லாமல் போவது இந்தக் கட்டைதான்.

வலக்கைக்காரர் இடது காலைக் கொஞ்சம் முன்னே வையுங்கள். முன் முட்டி லேசாக மடங்கட்டும், உடல் எடையில் பாதிக்கு மேல் முன்காலில் இருக்கட்டும். புதியவர்கள் எல்லாரும் செய்வது இதற்கு நேர்மாறு: துப்பாக்கி கனக்கிறது என்று இடுப்பைப் பின்னால் வளைத்து நிற்பார்கள். சுட்டதும் ஓர் அடி பின்னால் தள்ளாடுவார்கள்.

அப்புறம் துப்பாக்கியை முன்னோக்கித் தள்ளிக்கொண்டே மேலே கொண்டுவாருங்கள். முதலில் கன்னத்தைத் தொட வேண்டும், பிறகு தோள் முன்னே வந்து கட்டையைச் சந்திக்க வேண்டும். தலை குனிந்து துப்பாக்கியைத் தேடிப் போகக் கூடாது. கட்டையின் பின்முனை கழுத்தெலும்புக்கும் தோள் மூட்டுக்கும் நடுவில் உள்ள குழியில் உட்கார வேண்டும். தோளுக்கும் கட்டைக்கும் நடுவில் இடைவெளி இருந்தால் அது உதைக்கும். இடைவெளி இல்லாவிட்டால் தள்ளும். முதல் நாள் முடிந்து புஜத்தில் நீலம் பாய்ந்திருந்தால், கட்டை குழியில் உட்காராமல் கைப்பக்கம் போயிருக்கிறது என்று அர்த்தம்.

இதை வீட்டில் துடைப்பக் கம்பை வைத்து, கண்ணாடி முன் நின்று பழகலாம். அறைக்குள்ளே மட்டும். வீவக அடுக்குமாடித் தாழ்வாரத்தில் நின்று பழகி, எதிர்வீட்டு ஆன்ட்டியைப் பயமுறுத்தாதீர்கள்.

படி 6: தட்டைச் சுடுவது, ராணுவப் பழக்கத்தை விடுவது

தேசிய சேவை முடித்தவர்களுக்கு இது ஒரு தனிச் சிக்கல். சார் 21 ரைஃபிளை வைத்து உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது நிற்கும் குறியைச் சுடுவதற்கு: ஒரு கண்ணை மூடு, மூச்சை அடக்கு, விசையை மெல்ல மெல்ல அழுத்து, அசையாதே. ஷாட்கனுக்கு இவை எல்லாமே தலைகீழ். களிமண் தட்டின் குறுக்களவு 11 சென்டிமீட்டர், எடை ஏறக்குறைய 105 கிராம். டிராப் போட்டியில் அது உங்களுக்கு 15 மீட்டர் முன்னால் பள்ளத்திலிருந்து கிளம்பி ஓடிக்கொண்டே இருக்கும். இரு கண்ணும் திறந்திருக்க வேண்டும். பார்வை தட்டின் முன்விளிம்பில் இருக்க வேண்டும், மணி ஓரக்கண்ணில் மங்கலாகத் தெரிந்தால் போதும். மணியைப் பார்த்த நொடியில் கை நின்றுவிடும், கை நின்றால் ரவை தட்டுக்குப் பின்னால் போகும். விசையைத் தயங்காமல் இழுங்கள். இழுத்த பிறகும் துப்பாக்கி தட்டோடு போய்க்கொண்டே இருக்கட்டும்.

தேசிய சேவை செய்யாத பெண்கள் பலர் முதல் நாளிலேயே இதைப் பிடித்துக்கொள்வதைப் பார்க்கிறேன். மறக்க வேண்டிய பழக்கம் அவர்களுக்கு இல்லை.

ராணுவத்தில் கற்றதில் ஒன்றை மட்டும் விடாதீர்கள். குழல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்ற கவனமும், சுடாதபோது விரல் விசைக்கு வெளியே இருப்பதும். அது நரம்பில் ஊறியிருந்தால் நீங்கள் பாதி கற்றவர்.

படி 7: வெளிநாட்டில் அந்தக் குட்டைத் துப்பாக்கி கையில் கிடைத்தால்

லாஸ் வேகஸ் போன்ற இடங்களில் சுற்றுலாப் பயணிகளுக்கென்றே சுடும் கூடங்கள் உண்டு. அங்கே பிஸ்டல் கிரிப் ஷாட்கனைக் கையில் கொடுப்பார்கள். மேலே சொன்ன படிகளைக் கடந்தவராக இருந்தால், தாராளமாகச் சுடுங்கள்.

எடையை நினைவில் வையுங்கள். போட்டித் துப்பாக்கி மூன்றரைக் கிலோவுக்கு மேல், இது 2.4 கிலோ. ஒரே தோட்டாவைச் சுட்டால் இதில் உதையின் ஆற்றல் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு, அதை வாங்கத் தோளும் இல்லை. எனவே லேசான இலக்குத் தோட்டா கேளுங்கள், பெரிய ரவைத் தோட்டா வேண்டாம். முதலில் ஒரே ஒரு தோட்டா மட்டும் போடச் சொல்லுங்கள்.

பிடிக்கும் விதம் இது. பின்கை கைப்பிடியைத் தன் பக்கம் இழுக்க வேண்டும், முன்கை முன்பிடியை எதிர்ப்பக்கம் தள்ள வேண்டும். இந்த இழுவிசைதான் இங்கே தோளுக்குப் பதில். இரு முழங்கையும் மடங்கி, துப்பாக்கி முகத்திலிருந்து நன்றாகத் தள்ளி, தாடை உயரத்தில் இருக்கட்டும். கன்னத்தில் ஒட்டிவிடாதீர்கள். கட்டை இல்லாத துப்பாக்கியைக் கன்னத்தில் வைத்துச் சுட்டால் அது நேராகப் பல்லுக்கு வரும். இடுப்பிலிருந்து சுடுவது படத்துக்கு அழகு, ரவை எங்கே போகும் என்று சுடுபவருக்கே தெரியாது.

ஷாக்வேவின் கைப்பிடி பறவைத் தலை போலச் சரிந்திருக்கும், அதில் உதை கை வழியே பின்னால் போகும். செங்குத்தான பிஸ்டல் கிரிப்பில் அதே உதை மணிக்கட்டை மடக்கும். இரண்டும் இருந்தால் சரிந்ததைக் கேளுங்கள்.

முன்பிடியில் ஒரு வார் இருக்கும். அதற்குள் கையை நுழையுங்கள். குழல் குட்டை என்பதால், வழுக்கினால் விரல் குழல் வாய்க்கு முன்னால் போய்விடும். அந்த வார் இருப்பது அதைத் தடுக்கத்தான். அடுத்த தோட்டாவுக்காக முன்பிடியை (அதுதான் பம்ப்) இழுக்கும்போது அரைகுறையாக இழுக்காமல் கடைசிவரை ஒரே மூச்சில் இழுத்து, அதே வேகத்தில் முன்னே தள்ளுங்கள். தயங்கினால் காலித் தோட்டா வெளியேறாமல் சிக்கும்.

குறி 5 முதல் 7 மீட்டருக்குள் இருக்கட்டும். ஷாட்கன் ரவை அறை முழுக்கத் தெறிக்கும் என்பது படங்கள் சொல்லும் கதை. அந்தத் தூரத்தில் ரவை ஓர் உள்ளங்கையளவு, அதிகம் போனால் ஒரு சாப்பாட்டுத் தட்டளவுதான் விரியும். சரியாகப் பிடிக்காவிட்டால் தாளையே தொடாமல் போகும்.

படி 8: முடித்த பிறகு

கையையும் முகத்தையும் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் சாப்பாடு, ஈயத்தூள் ஒட்டியிருக்கும். பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். தேசிய சேவையில் லைவ் ஃபயரிங் முடிந்ததும் கையில் எதுவும் இல்லை என்று உரக்கச் சொன்னது ஞாபகம் இருக்கும், அதே பழக்கம்தான். சுட்டுத் தீர்ந்த காலித் தோட்டாவைக்கூட நினைவுப் பொருளாக எடுத்து வராதீர்கள். வெளிநாட்டுக் கூடத்துக்குப் போட்டுக்கொண்டு போன ஜாக்கெட்டையும் முதுகுப் பையையும் ஊர் திரும்பும் முன் எல்லா ஜிப்பையும் திறந்து உதறிவிடுங்கள். சாங்கி விமான நிலைய எக்ஸ்ரேயில் தெரிந்த பிறகு விளக்கிக்கொண்டு நிற்பதைவிட ஹோட்டல் அறையில் ஐந்து நிமிடம் செலவழிப்பது மேல்.