தேங்காய் எண்ணெய் ஆய்வை எடைபோடுவது எப்படி?

குமரி மாவட்டத்தில் அவியலில் கடைசியாக ஊற்றுவது தேங்காய் எண்ணெய்தான். அதைப் பற்றிய தொகுப்பாய்வு ஒன்றை வைத்தே, ஒரு முடிவை எவ்வளவு நம்பலாம் என்று தரம் பிரிக்கும் ‘கிரேடு’ (GRADE) முறையில் சான்றை எடைபோடப் பழகலாம். 2020-இல் ‘சர்குலேஷன்’ இதழில் வந்தது அது. 16 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்ததில், சூரியகாந்தி, சோயா போன்ற எண்ணெய்களைவிடத் தேங்காய் எண்ணெயால் ‘கெட்ட கொழுப்பு’ எனப்படும் எல்டிஎல் கொழுப்பு ரத்தத்தில் டெசிலிட்டருக்குச் சராசரியாக 10.47 மி.கி. கூடியது. உண்மை அளவு எந்த எல்லைக்குள் இருக்கலாம் என்று காட்டும் 95% நம்பக இடைவெளி 3.01 முதல் 17.94 வரை.

முதலில் கேள்வியைப் பிரித்துக்கொள்ளுங்கள்: கூடுவது எல்டிஎல்லா, மாரடைப்பா? இரண்டுக்கும் தனித்தனியே தரம் போட வேண்டும்.

தரம் நான்கு: உயர், நடுத்தரம், குறைவு, மிகக் குறைவு. ஆட்களைக் குலுக்கல் முறையில் பிரித்த சோதனை ‘உயர்’ என்று தொடங்கும். கவனித்து மட்டும் எழுதிய ஆய்வு ‘குறைவு’ என்று தொடங்கும். குறை கண்டால் ஒரு படி, பெருங்குறை என்றால் இரண்டு படி இறக்குங்கள்.

நடத்திய விதத்தைப் பாருங்கள். எந்த எண்ணெய் என்பதைச் சாப்பிடுபவரிடம் மறைப்பது கடினம், வாசனையே காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் எல்டிஎல்லை அளப்பது ஆய்வகம் என்பதால் அந்தக் குறையின் பாதிப்பு இங்கே சற்றுக் குறைவு. பாதியில் விலகியவர்கள் எத்தனை பேர் என்பதைக் கட்டாயம் தேடுங்கள்.

அடுத்தது முடிவுகளின் ஒற்றுமை. சோதனைகளின் முடிவுகள் தற்செயலைத் தாண்டி எவ்வளவு வேறுபடுகின்றன என்று சொல்லும் ஐ-ஸ்கொயர் இந்த ஆய்வில் 84%. எண்ணைப் பார்த்ததும் படி இறக்கிவிடாதீர்கள். ஒவ்வொரு சோதனையின் முடிவையும் ஒரு கோடாகக் காட்டும் ஃபாரஸ்ட் பிளாட் படத்தைத் திறந்து, கோடுகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து அளவில் மட்டும் வேறுபடுகின்றனவா, இரு பக்கமும் சிதறுகின்றனவா என்று பாருங்கள். சிதறலுக்குக் காரணம் புலப்படாவிட்டால் இறக்கலாம்.

அடுத்து நம்பக இடைவெளியின் இரு முனைகளையும் எடுங்கள். 3 மி.கி. கூடினால் என்ன முடிவெடுப்பீர்கள், 18 கூடினால் என்ன? முடிவு மாறினால் துல்லியம் போதாது. ஆனால் முடிவுகள் சிதறினாலே இடைவெளியும் விரியும். ஒரே குறைக்கு இரண்டு முறை படி இறக்குவது அடிக்கடி நடக்கும் தவறு.

வெளிவராமல் போன ஆய்வுகள் உண்டா என்று ஊகிக்க, ஆய்வுகளைப் புள்ளிகளாகக் காட்டும் ஃபனல் பிளாட் படம் உதவும். பத்துக்கும் குறைவான ஆய்வுகள் என்றால் அதை நம்ப வேண்டாம்.

இனி மாரடைப்புக் கேள்வி. அந்தச் சராசரி அளந்தது ரத்தக் கொழுப்பை, மாரடைப்பை அல்ல. ஆகவே மறைமுகச் சான்று என்று இன்னொரு படி இறக்க வேண்டும். ஒவ்வொரு படிக்கும் காரணத்தைத் தரத்தின் அடியிலேயே ஒரு வரியில் எழுதுங்கள். வேறொருவர் அதே தாளைப் பார்த்து மறுக்கவோ ஒப்பவோ முடிய வேண்டும்.