மழைக்கால மிதிவண்டிப் பயிற்சிக்குக் காணொளியைத் தேர்ந்தெடுக்கும் முறை

நவம்பர் பிறந்து, லம்பாக் மலையின் உச்சி பிற்பகலிலேயே மேகத்துக்குள் மறையத் தொடங்கிவிட்டால், மலேசியாவின் ஜொகூர் மாநிலத்துக் குளுவாங்கைச் சுற்றியுள்ள தோட்டங்களில் மிதிவண்டி ஓட்டுபவர்களுக்கு வெளிப்பயணம் ஏறக்குறைய முடிந்துவிட்டதென்றே கொள்ளலாம். செம்பனைக் குலை ஏற்றிவரும் லாரிகள் உழுதுவிட்ட செம்மண் சாலையில் சேறு சங்கிலியெங்கும் அப்பிக்கொள்கிறது. தார்ச்சாலைக்குப் போனாலோ, மழைத்திரைக்குள் பின்னால் வரும் ஓட்டுநரின் கண்ணுக்கு நாம் தெரிவதே அரிது. வடகிழக்குப் பருவமழை மார்ச் வரை நீடிக்கும். அந்த ஐந்து மாதமும் கால்கள் ஓய்ந்துவிடாமல் இருக்க, வீட்டு முன்கூடத்தில் வண்டியை நிறுத்திவைத்துக் காணொளி பார்த்து மிதிப்பதே நம்மில் பலருக்கு எஞ்சியிருக்கும் வழி. நான்கு மழைக்காலங்களாகச் செய்து பார்த்ததை வைத்து, எந்தக் காணொளியை எடுப்பது, எதை விடுவது என்பதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் இதே மாதங்கள்தாம் குளிர்காலம். அதனால் நமக்குத் தேவைப்படும் நேரத்தில்தான் யூடியூபில் உட்புறப் பயிற்சிக் காணொளிகள் ஏராளமாக வந்து குவிகின்றன. ஆனால் அவை குளிர்ந்த கார்க் கொட்டகையிலும் நிலவறையிலும் மிதிப்பவர்களை எண்ணித் தயாரிக்கப்பட்டவை. நம் முன்கூடத்தில் மழை நேரத்திலும் அத்தகைய குளிர் இருப்பதில்லை. காற்றிலோ ஈரம் நிறைந்திருக்கிறது. ஆகவே காணொளியின் தலைப்பையும் பயிற்சியாளரின் புகழையும் பார்ப்பதற்கு முன், அந்தப் பயிற்சியை நம் வெப்பத்தில் உடல் தாங்குமா என்று பார்க்க வேண்டும்.

இதை நான் பட்டுத்தான் அறிந்தேன். முதல் ஆண்டில், மலையேற்றப் போட்டியைப் போல அமைத்த ஒரு மணி நேரக் காணொளியைத் தேர்ந்தெடுத்து, தகரக் கூரையின் கீழ் மின்விசிறி இல்லாமல் மிதிக்கத் தொடங்கினேன். 25ஆவது நிமிடத்தில் கண் இருண்டு வந்தது. வண்டியிலிருந்து இறங்கி, படிக்கட்டில் தலையைக் கவிழ்த்து வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். வண்டிக்குக் கீழே தரையில் வியர்வை குளமாகத் தேங்கிக் கிடந்தது. என்னைத் தடுமாற வைத்ததன் காரணம் அந்தக் குளத்திலேயே இருந்தது என்பது பிறகுதான் விளங்கிற்று.

வியர்வை ஆவியாகும்போதுதான் உடலின் சூட்டைக் கொண்டுபோகிறது. சொட்டிக் கீழே விழும் வியர்வையால் உடல் குளிர்வதில்லை. சாலையில் மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் போகையில் எதிர்க்காற்று அதை இடைவிடாது உலர்த்துகிறது. வீட்டுக்குள் அந்தக் காற்று இல்லை. ஈரமான காற்றில் வியர்வை மெதுவாகவே ஆவியாகும். அப்போது இதயம் தசைக்கு மட்டுமன்றி, சூட்டை வெளியேற்றுவதற்காகத் தோலுக்கும் இரத்தத்தை அனுப்ப வேண்டியிருப்பதால், நாம் மிதிக்கும் விசை மாறாவிட்டாலும் நாடித்துடிப்பு கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே போகும். குளிர்நாட்டுப் பயிற்சியாளர் "இது நடுத்தர முயற்சி" என்று சொல்லும் இடம், 30 நிமிடம் கடந்த பின் நமக்குக் கடுமுயற்சியாகிவிடுகிறது.

எனவே முதல் மழைக்காலத்தில் 30 முதல் 45 நிமிடத்துக்குள் முடியும் காணொளிகளையே எடுங்கள். கடுமையான பகுதி ஒவ்வொன்றும் நான்கைந்து நிமிடத்தைத் தாண்டாமலும், அதன் பின்வரும் ஓய்வு குறைந்தது அதே அளவு நீளமாகவும் இருக்க வேண்டும். இடையில் ஓய்வே விடாமல் 20 நிமிடம் அழுத்தச் சொல்லும் காணொளியை, உடல் வெப்பத்துக்குப் பழகும் வரை தள்ளிவையுங்கள். மற்ற வகையில் நன்றாக இருந்து, கடுமை மட்டும் சற்றுக் கூடுதலாக உள்ள காணொளியை விட்டுவிட வேண்டியதில்லை. பயிற்சியாளர் சொல்வதைவிட ஒரு கியர் இலகுவாக வைத்துக்கொண்டு, மிதிவேகத்தை மட்டும் அவர் சொன்னபடியே பின்பற்றினால் போதும். மின்விசிறியை நெஞ்சுக்கு நேராக வைப்பதைப் பயிற்சியின் ஒரு பகுதியாகவே கருதுங்கள். பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பார்ப்பதும் நல்லது. குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர். ஒரே பயிற்சியில் அவ்வளவு குறைந்தால், அடுத்த முறை இன்னும் சுருக்கமான காணொளியை எடுத்து, நடுநடுவே கூடுதலாகத் தண்ணீர் குடியுங்கள்.

இனி, கையிலிருக்கும் கருவி. கியர் உள்ள சொந்த மிதிவண்டியின் பின்சக்கரத்தை டிரெய்னரில் (வண்டியை ஒரே இடத்தில் நிறுத்தி மிதிக்க உதவும் தாங்கியில்) பூட்டியிருப்பவர்கள், கியரையும் மிதிவேகத்தையும் சொல்லும் காணொளியைத் தேட வேண்டும். உடற்பயிற்சிக் கூடங்களில் உள்ளதைப் போன்ற ஸ்பின் பைக் வைத்திருப்பவர்களுக்கு, மிதிக்கும் கடுமையைக் கூட்டிக் குறைக்கும் குமிழை எவ்வளவு திருப்புவது என்று சொல்லும் காணொளியே பொருந்தும். ஸ்பின் பைக்குகள் பலவற்றில் கனமான சக்கரம் பெடலோடு நேராகப் பிணைந்திருக்கும். நாம் நிறுத்த நினைத்தாலும் சக்கரம் காலை இழுத்துக்கொண்டு சுற்றும். அதனால் நிமிடத்திற்கு 120 சுற்று மிதித்துவிட்டுத் திடீரென்று நிறுத்தச் சொல்லும் காணொளி அதற்கு ஏற்றதன்று. குமிழை அழுத்தினால் சக்கரம் நிற்கிறதா என்பதை முதல் நாளே சோதித்துக்கொள்ளுங்கள். கெய்ரின் என்னும் ஓடுதள மிதிவண்டிப் பந்தயத்தில் 2017இல் உலக வெற்றியாளரான மலேசிய வீரர் அசிசுல்ஹஸ்னி அவாங்கின் துறையைச் சேர்ந்த மிதிவண்டி வீரர்கள், போட்டிக்கு முன் ரோலரில் (வண்டியைப் பூட்டாமல் மேலே வைத்து மிதிக்கும் உருளைகளில்) உடலைச் சூடேற்றுவது வழக்கம். அந்தச் சமநிலை பல ஆண்டுப் பழக்கத்தால் வருவது. ரோலரில் புதிதாக ஏறுபவர்கள் சில வாரங்களுக்குத் திரையையே பார்க்காதிருப்பது பாதுகாப்பு.

அடுத்தது திரையில் தெரியும் செய்தி. இது சிறிய விஷயமாகத் தோன்றும்; நம் ஊருக்கு இது மிகப் பெரியது. தகரக் கூரையில் கனமழை இறங்கும்போது கைத்தொலைபேசியின் ஒலியை எவ்வளவு கூட்டினாலும் பயிற்சியாளரின் குரல் காதில் விழாது. எங்கள் வீட்டு வரிசையில் ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி (எழுத்தர்) ஒருவர் இருக்கிறார். முழங்கால் வலிக்காக ஸ்பின் பைக் வாங்கியவர், ஒரு நாள் என்னிடம், "தம்பி, நீங்கள் கொடுத்த படத்தில் அந்தப் பெண் பேசியது ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் மேலே எண் இறங்கிக்கொண்டே வந்தது, அதைப் பார்த்தே மிதித்து முடித்துவிட்டேன்" என்றார். அன்றிலிருந்து நான் எந்தக் காணொளியையும் முதலில் ஒலியை முற்றிலும் நிறுத்திவிட்டு ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்க்கிறேன். மிச்சமுள்ள நேரம், நிமிடத்திற்கு எத்தனை சுற்று, முயற்சியின் அளவு ஆகிய மூன்றும் திரையிலேயே தெரிந்தால் அதை வைத்துக்கொள்வேன். ஆங்கிலப் பேச்சு வேகமாக ஓடுகிறதே என்று தயங்கும் பெரியவர்களுக்கும் இதே சோதனை உதவும். எண்ணுக்கு மொழி வேண்டியதில்லை.

முயற்சியின் அளவைக் காணொளிகள் இரண்டு விதமாகச் சொல்கின்றன. ஒன்று, 1 முதல் 10 வரை நாமே உணர்ந்து வைக்கும் மதிப்பு. சுவீடன் நாட்டு அறிஞர் குன்னார் போர்க் வகுத்த, 6 முதல் 20 வரை செல்லும் அளவுகோலும் இவ்வகையைச் சேர்ந்ததே. 1 முதல் 10 வரையிலான அளவில், முழு வாக்கியம் பேச முடிந்தால் நான்கு, இரண்டு மூன்று சொல்லே வருமென்றால் ஏழு அல்லது எட்டு என்று கொள்ளலாம். மற்றொன்று, மிதிக்கும் திறனை அளக்கும் வாட் கணக்கு. எஃப்டிபி எனப்படும் வரம்பின் (ஏறத்தாழ ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய உச்ச வாட்டின்) 90 விழுக்காடு, 105 விழுக்காடு என்று காணொளி சொல்லும். 20 நிமிடம் முழு முயற்சியில் மிதித்துக் கிடைக்கும் சராசரி வாட்டில் 95 விழுக்காட்டை அந்த வரம்பாகக் கொள்வது பரவலான வழக்கம். சராசரி 200 என்றால் வரம்பு 190. வாட்டைக் காட்டும் அளவி (பவர் மீட்டர்) இல்லாதவர்கள் வாட் மட்டுமே சொல்லும் காணொளியை எடுக்க வேண்டாம். அளவி உள்ளவர்கள், அந்தச் சோதனையைத் தாங்கள் பயிற்சி செய்யும் அதே கூடத்தில் செய்யுங்கள். சாலையில் கிடைத்த எண்ணைவிட அது குறைவாக வரலாம். வீட்டுப் பயிற்சிக்கு அந்தக் குறைந்த எண்ணே சரியானது.

பத்து நிமிடமாவது உடலைச் சூடேற்றாமல் நேரே வேகத்துக்குப் போகும் காணொளியை நான் திறந்த உடனேயே மூடிவிடுவேன். "தபாட்டா" என்று பெயரிட்டு 20, 30 நிமிடம் ஓடும் காணொளிகளிடமும் கவனமாக இருங்கள். ஜப்பானிய ஆய்வாளர் இசுமி தபாட்டாவும் குழுவினரும் 1996இல் வெளியிட்ட ஆய்வில் பயன்படுத்திய முறை, 20 வினாடி உச்ச முயற்சி, 10 வினாடி ஓய்வு என ஏழெட்டுச் சுற்றில், நான்கு நிமிட அளவில் முடிந்துவிடும். அதையே அரை மணி நேரம் நீட்டினால், எவராலும் அந்தக் கடுமையைக் காக்க முடியாது. பெயரைப் பார்த்து அஞ்சவும் வேண்டாம், மயங்கவும் வேண்டாம்.

தொடங்குபவர்களுக்குக் யூடியூபில் உள்ள குளோபல் சைக்கிளிங் நெட்வொர்க்கின் இலவசப் பயிற்சிகளைப் பரிந்துரைப்பேன்; திரையில் நேரமும் முயற்சியும் தெளிவாகக் காட்டப்படுகின்றன. திரையில் மெய்நிகர் சாலையில் ஓட்டவைக்கும் ஸ்விஃப்ட் (Zwift) போன்ற செயலிகள் உற்சாகமூட்டுபவைதாம், ஆனால் மாதக் கட்டணம், மிதிப்பதை அளந்து செயலிக்கு அனுப்பும் உணரி (சென்சார்), தடையற்ற இணையம் மூன்றும் வேண்டும். ஆல்ப்ஸ் மலைச்சாலையை வெறுமனே காட்டிச் செல்லும் காணொளிகளை இலகுவான நாள்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மழைக்காலம் தவிர, ஜூன் முதல் அக்டோபர் வரை புகைமூட்டம் வரும் நாள்களிலும் இதே காணொளிகள்தாம் கைகொடுக்கும். 2013 ஜூன் மாதம் நம் ஜொகூர் மாநிலத்து மூவாரில் காற்று மாசுக் குறியீடு 700ஐத் தாண்டியதை இங்குள்ளவர்கள் மறந்திருக்க முடியாது. குறியீடு 100ஐக் கடந்தால் வெளியே ஓட்டாதீர்கள். திறந்த முன்கூடமும் அப்போது வெளிதான். சன்னல்களை அடைத்த அறைக்குள், மூச்சு வாங்காத 30 நிமிட இலகு காணொளி போதும். 200ஐத் தாண்டினால் ஓய்வெடுங்கள்.

இடி இடிக்கும் மாலைகளில் இணையம் அறுந்துபோவது இங்கு வழக்கமாதலால், பிடித்த காணொளிகளை அந்தந்தச் செயலியின் பதிவிறக்க வசதியில் முன்கூட்டியே சேமித்துக்கொள்ளுங்கள்; 480p படத்தரம் கைத்தொலைபேசித் திரைக்குப் போதுமானது, டேட்டாவும் மிச்சமாகும். என் கைத்தொலைபேசியில் இப்போது ஐந்து காணொளிகளே உள்ளன. செவ்வாயும் வியாழனும் இடைவேளைப் பயிற்சிக்கு (கடுமுயற்சியும் ஓய்வும் மாறி மாறி வருவது) இரண்டு, மழை விடாத ஞாயிற்றுக்கிழமைக்கு 45 நிமிடத்தில் ஒன்று, களைத்த நாளுக்கு இலகுவானவை இரண்டு. ஜனவரியில் இடைவேளைப் பயிற்சிகளை மட்டும் மாற்றுவேன்.